சொன்னதைச் செய்பவர்

இதில் எனக்கு நிச்சயமில்லாத விஷயங்கள் இரண்டு உண்டு. கருங்கோட்டை வேந்தன் செத்துக் கிடந்த மேடையில் திரை விழாமல் எவ்வளவு நேரம் நின்றது என்பது ஒன்று. இரண்டு நிமிஷம் என்பார்கள் சிலர். ஐந்து என்பவர்களும் உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கால் மணி நேரம் என்று என்னிடம் சத்தியமே செய்தார். இன்னொன்று, செத்துக் கிடந்தவர் கடைசியில் சொன்ன வார்த்தை. வெறுமனே "மஹீன்" என்றார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "மஹீன் பாய்" என்று மரியாதையாகவே கூப்பிட்டார் என்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். நான் கேட்டதுதான் சரி என்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

வருஷம் 1997 என்பதில் மட்டும் சந்தேகம் கிடையாது. அந்த நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் காகிதம், சோணகிரி நாடக மன்றத்தின் வெள்ளி விழா, நாடகம் 'கருங்கோட்டை வேந்தன்', பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி, போளூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அந்த நோட்டீஸைப் படித்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். நடிகர்கள் ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ஒரு பட்டம். 'நவரச நாயகர்' கோதண்டராமன். அவருக்குக் கீழே ஒரு 'நகைச்சுவைத் தென்றல்', ஒரு 'சோக மாமணி'. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, "மன்னர் வருகிறார்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிற காவலன்கூட 'வளரும் கலைமணி'. நாற்காலி வாடகைக்கு விட்டவர் 'கலைப் புரவலர்'. இதெல்லாம் யார் கொடுத்த பட்டம் என்று கேட்கக்கூடாது. கோதண்டராமன் தன் உரக்கடையில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதும்போது கொடுப்பார். கதை, வசனம், பாடல், இயக்கம், அரங்க நிர்வாகம் எல்லாவற்றுக்கும் எதிரே அவர் பெயரே இருக்கும். எல்லாம் முடிந்து, அச்சகத்தின் பெயருக்கு மேலே, எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி: மேடை உதவி: அன்பர்கள்.

அந்த அன்பர்கள் மூன்று பேர்.

ஒருவர் மஹீன். அதே போளூர் ரோட்டில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். கதவு, ஜன்னல், கட்டில். 1979இல் மன்றத்து சிம்மாசனத்தின் கால் உடைந்தபோது அதைச் சரிசெய்ய வந்தவர், அன்றைக்கு நாடகத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். மறுதடவை கூப்பிடாமலே வந்தார். அப்படியே பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. காடும் அரண்மனையும் வரைந்த படுதாக்களை ஏற்றுவது இறக்குவது, முன்திரை, மேடைச் சாமான், யார் எந்தப் பக்கம் எப்போது உள்ளே போக வேண்டும் என்பது எல்லாம் அவர் கையில் இருந்தது. இரண்டாமவர் மணியம்மாள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்று இப்பால், இஸ்திரி வண்டி. வெள்ளைக்காரர்களின் ஜிப்பாக்களைப் பகலில் தேய்ப்பாள். மன்றத்து ராஜ உடைகள் எல்லாம் அவள் பொறுப்பு. மூன்றாமவர் மாறன், மோட்டார் காயில் கட்டுகிறவர். விளக்குகள் அவருடையவை.

மன்றத்தில் இவர்களுக்குப் பெயர் கிடையாது. சீன், துணி, லைட்டு. அவ்வளவுதான். "லைட்டு வந்துச்சா? துணி சாப்டுச்சா?" என்று விசாரிப்பார் கோதண்டராமன். அக்கறையாகத்தான் விசாரிப்பார். சாப்பிடாமல் யாரையும் அனுப்பமாட்டார். மஹீனின் அம்மா மவுத்தானபோது முதல் ஆளாக வந்து நின்றவர் அவர். அதை மஹீன் மறந்ததில்லை. கெட்டவராக இருந்துவிட்டால் கோபப்படுவது எவ்வளவோ சுலபம்.

மஹீன் அதிகம் பேசமாட்டார். பட்டறையில் இழைப்புளி ஓடிக்கொண்டிருக்கும்போதும் சரி, மேடையின் இடது ஓரத்தில் கயிற்றோடு நிற்கும்போதும் சரி, வாய் மூடியே இருக்கும். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கடைசிக் காட்சியில் மன்னர் தலை சாயும். உடனே திரை விடக்கூடாது. மஹீன் மூன்று மூச்சு விடுவார். முதல் மூச்சில் ஜனங்கள் மன்னர் செத்துவிட்டார் என்று புரிந்துகொள்வார்கள். இரண்டாவதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவதில் எங்கேயாவது ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். அப்போது கயிற்றை விடுவார். திரை தரையைத் தொடுவதற்குள் கைதட்டல் எழுந்துவிடும். இரண்டு மூச்சில் விட்டால் அந்தக் கைதட்டல் பாதிதான். நான்கு மூச்சானால் யாராவது இருமிவிடுவார்கள். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. திரைக்குப் பின்னால் எழுந்து உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்தபடி, "பாத்தியா, என் சாவுக்கு எப்டி அழுவறானுங்க" என்பார் கோதண்டராமன். மஹீன் கயிற்றை முளையில் சுற்றிக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஓர் அறக்கட்டளை, வேலூர் ரோட்டில் புதிதாகக் கலையரங்கம் ஒன்று கட்டி முடித்திருந்தது. அதற்கு நிரந்தரமாக ஓர் அரங்க நிர்வாகி வேண்டும் என்று விளம்பரம் வந்தது. பத்து வருஷ அனுபவம், ஒரு நாடகக் குழுவின் சான்றிதழ், வயது நாற்பத்தைந்துக்குள். மஹீனுக்கு நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. விளம்பரத்தை வெட்டிப் பட்டறையின் ஆணி டப்பாவுக்குள் வைத்து, நாலு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தார். தான் பதினெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லி ஆள் தேடுகிறார்கள் என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள், வெள்ளி விழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை.

தேரடித் தெரு உரக்கடைக்குப் போய்க் கேட்டார். கோதண்டராமன் சந்தோஷமாக டீ வரவழைத்தார். மன்றத்து லெட்டர்பேடை எடுத்தார், மஹீன் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதி, முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தார். மஹீன் அங்கேயே பிரித்துப் படித்தார்.

"மேற்படியார் 1979ஆம் ஆண்டு முதல் எங்கள் மன்றத்தில் எடுபிடி வேலைகள் செய்து வருகிறார். சொன்னதைச் செய்பவர். நாணயமானவர்."

மஹீன் இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு, அரங்க நிர்வாகி என்று போட்டால்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

"அது நானில்லயா? நோட்டீஸ்ல பாக்கல?"

"நோட்டீஸ்ல இருக்குதுங்க சார். வேலைய நான்தானே செய்யறேன்."

கோதண்டராமன் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. ஒரு குழந்தை நிலாவைக் கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு. "நீ கயிறு இழுக்கற பாய். நல்லாவே இழுக்கற, யாரு இல்லன்னது? அதுக்காக நான் பொய் எழுதித் தரலாமா? நாளைக்கு அவங்க வந்து வெசாரிச்சா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

மஹீன் டீ கிளாஸைக் கடைப்பையனிடம் கொடுத்துவிட்டுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். வீட்டில் மனைவி சுல்தானா அதை வாங்கிப் படித்தாள். எடுபிடி என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்தாள், கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மணியம்மாளின் வண்டியருகே மூன்று பேரும் நின்றார்கள். மணியம்மாளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கடிதத்தைப் படித்து முடித்ததும் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கரியை ஊதினாள்; தேவைக்கு ஜாஸ்தியாகவே ஊதினாள்.

"நான் வர்ல. அவரே கவசத்த மாட்டிக்கட்டும், அவரே முதுகுல கொக்கி போட்டுக்கட்டும். பதினொரு கொக்கி. கை எட்டுதான்னு பாக்கறேன்."

ஒரு ஃபியூஸைப் பிடுங்கினால் போதும், வெள்ளி விழா முடிந்தது என்றார் மாறன்.

மஹீன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டோ, ஒரு மாட்டு வண்டி, கிரிவலம் போகும் சாமியார் ஒருவர். எல்லாம் கடந்து போன பிறகு சொன்னார்.

"வராம போனா ஓடிட்டாங்கன்னுவாங்க. ஃபியூஸப் புடுங்கினா கெடுத்துட்டாங்கன்னுவாங்க. போவோம். சொன்னதச் செய்வோம். சொல்லாதத செய்ய வேணாம்."

"அவ்ளோதானாண்ணா?" என்றார் மாறன்.

"அவ்ளோதான். எழுத்துல குடுத்துருக்காரே."

மணியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஜிப்பாவின் காலர் கருகும் வரைக்கும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மூவரும் மண்டபத்தில் இருந்தார்கள். ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். வழக்கமாக அந்த நேரத்துக்குள் மஹீன் மேடையில் சாக்பீஸால் குறி போட்டிருப்பார், சிம்மாசனம் வழுக்காமலிருக்க அதன் காலடியில் ஈரச் சாக்கு வைத்திருப்பார், மைக்குகளைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்திருப்பார். அன்றைக்குக் கோதண்டராமன் வந்து, "மைக்கு கட்டியாச்சா?" என்றார். கட்டச் சொல்லவில்லையே என்றார் மாறன். "கட்டுய்யா" என்றார். கட்டினார். படுதாவை மாட்டு என்றார், மஹீன் மாட்டினார். இப்படியே ஏழெட்டு வேலை ஆயிற்று. விழா நாளின் படபடப்பில் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் தானே சொல்லி முடுக்கவேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் மஹீன் சொல்லாமலே செய்தார். மேடைப் பலகையில் ஓர் ஆணி தலை தூக்கியிருந்தது. நடிகர்கள் வெறுங்காலோடு நடக்கிற இடம். பெஞ்சிலிருந்து அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார். ஒரு பீடி நேரம் ஆகியிருக்கும். எழுந்து போய் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மணியம்மாள் முறைத்தாள். "கால்ல ஏறிடும்மா" என்றார், தப்புச் செய்தவர் போல.

ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அறக்கட்டளையின் செயலாளர் எழிலரசி அம்மாள் உட்கார்ந்திருந்தார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், யாரிடமும் சட்டென்று சிரிக்காதவர். திரை இடுக்கு வழியாக மஹீன் அவரைப் பார்த்தார். நாளைக்கு விண்ணப்பம் போய்ச் சேரும் இடம் அந்த அம்மாள் மேசைதான். வேண்டாம், வழக்கம்போல எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று தோன்றியது. செய்தால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. நாடகம் நன்றாக நடக்கும். கோதண்டராமனின் அரங்க நிர்வாகத்தை அந்த அம்மாள் மேடையேறிப் பாராட்டுவார். சட்டைப்பையில் கடிதம் மொடமொடத்தது.

தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். "திரை" என்றார் கோதண்டராமன். மஹீன் இழுத்தார்.

முதல் காட்சி காடு, பழுதில்லாமல் முடிந்தது. இரண்டாவது அரண்மனை. யாரும் எதுவும் சொல்லவில்லை. மஹீன் கைகட்டி நின்றார். அமைச்சர் உள்ளே வந்து, அரச மரத்தடியில் நின்றுகொண்டு கஜானாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கோதண்டராமன் கம்பீரமாக நுழைந்து, "இந்தப் பொற்றூண்கள் சாட்சியாகச் சொல்கிறேன்" என்று கையை நீட்டினார். நீட்டிய கைக்கு நேரே ஒரு குரங்கு வரைந்திருந்தது. மண்டபம் சிரித்தது. அவர் நடந்தபடியே ஓரத்துக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அரண்மனை எங்கே என்று கேட்டார்.

"இறக்கணுங்களா சார்?"

"இறக்கித் தொலைய்யா!"

மஹீன் உடனே இறக்கினார். கீழ் மூங்கில் யார் தலையிலும் படாதபடி நிதானமாகத்தான் இறக்கினார். ஆனால் அமைச்சர் நின்றது படுதாவுக்குப் பின்புறம். அவர் அரண்மனைக்குப் பின்னால் மறைந்தார். கஜானாவைப் பற்றிய அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அரண்மனை இறங்கியதும் பக்கத்து மின்விசிறியை நிறுத்துவது வழக்கம். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. பொற்றூண்கள் எல்லாம் அந்தக் காற்றில் காட்சி முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

போர்க்களக் காட்சிக்கு முன் உடை மாற்றிக்கொள்ள ஓடி வந்த கோதண்டராமன், கையை விரித்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வருஷமாக அப்படி நின்றால் போதும். கவசம் தானாக உடம்பில் ஏறிவிடும். மணியம்மாள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வேணுங்க?"

"டிரஸ்ஸு!"

"எந்த டிரஸ்ஸுங்க?"

கவசம் என்றார். எடுத்துக் கொடுத்தாள். மாட்டு என்றார். மாட்டினாள். கொக்கி என்றார். எத்தனை என்று கேட்டாள். அவர் அவளை அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஏதோ நடக்கிறது என்று அவருக்குப் புரிந்தது அந்த நிமிஷத்தில்தான். ஆனால் மேடையில் எதிரி மன்னன் வசனத்தை முடித்துவிட்டு, வாளைச் சுழற்றியபடி, சொல்ல வேறெதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். ஓடினார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் அவரே ஓரத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். லைட்டைக் குறை, கோட்டையை இறக்கு, ஈட்டியைக் கொடு. சொன்னது ஒன்று விடாமல் நடந்தது. மன்னர் எதற்காக இப்படிப் படைக்கும் ஓரத்துக்குமாக அலைகிறார் என்று ஜனங்களுக்கு விளங்கவில்லை.

கடைசிக் காட்சி. மன்னர் அம்பு பட்டு விழுந்து, நாட்டு மக்களுக்கு அறிவுரை சொல்லி, தலை சாய்ந்தார். அவ்வளவு குளறுபடிக்கு அப்புறமும் அதை நன்றாகவே செய்தார். அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மண்டபம் அடங்கிவிட்டது.

மஹீன் கயிற்றைப் பிடித்தபடி ஒரு மூச்சு விட்டார். இரண்டு. மூன்று. எங்கேயோ ஒரு மூக்கு உறிஞ்சியது. அவர் உள்ளங்கை தானாகத் தளர்ந்தது, மறுபடி இறுக்கிக்கொண்டார். நான்கு. ஐந்து.

செத்தவர் உத்தரவு போட முடியாது. இதை மூன்று பேரில் ஒருவரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. சாவுக்கு விளக்கைக் குறைப்பது மாறனின் பழக்கம். அதையும் யாரும் சொல்லவில்லை. முழு வெளிச்சத்தில் கருங்கோட்டை வேந்தன் கிடந்தார். நெற்றியிலிருந்து மை கரைந்து காதுக்குள் வழிந்தது. ஒரு பூச்சி மூக்கில் உட்கார்ந்தது. இருமல்கள் கேட்டன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கோதண்டராமனின் முகம் மஹீன் நின்ற பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் ஒரு நூலளவு திறந்தது. மஹீன் அங்கேயே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தது. உதடு அசையாமல், "திரை" என்றார்.

சொல்லியாயிற்று. சொன்னதைச் செய்வதுதான் ஒப்பந்தம். மஹீன் விடத்தான் நினைத்தார். கை வரவில்லை. இப்படி ஆகும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. திரையைக் கூப்பிட்டிருக்கிறார், திரை வேண்டுமானால் போகட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சொல் அன்றைக்குத் தன்னைத் தொடாமல் பக்கத்தில் போவதை அவர் கவனித்தார்.

"பாய்" என்றது பிணம், கொஞ்சம் உரக்க.

மண்டபத்தில் மட்டும் நாற்பது பாய் இருந்தார்கள். மஹீன் அசையவில்லை. சிரிப்பு இப்போது முன்வரிசை வரை வந்துவிட்டது. கோதண்டராமனின் கண் நன்றாகவே திறந்துவிட்டது. அந்தக் கண்ணில் கோபத்தைவிடத் தேடல்தான் இருந்தது என்று மஹீன் பிற்பாடு சொன்னார். பெயரை அவர் உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை கேட்டிருப்பார், மவுத்து வீட்டில் நாள் பூராவும் கேட்டிருப்பார், மூன்று வாரம் முன்னால் சான்றிதழில் தன் கையாலேயே எழுதியும் இருக்கிறார். தேடி எடுக்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

"மஹீன்."

தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த மைக், அவர் சொல்லித்தான் கட்டியது, அதை வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது. மஹீன் என்ற பெயர் சோணகிரி நாடக மன்றத்தின் மேடையிலிருந்து ஒலித்தது அந்த ஒரு தடவைதான். மஹீன் கயிற்றை விட்டார். திரை ஒரு குலுக்கலும் இல்லாமல் இறங்கியது.

பின்னால் கோதண்டராமன் கத்தியதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. சோறு போட்டேன், உன் அம்மா மவுத்துக்கு வந்தேன், துரோகம் என்றார். சொல்லச் சொல்லக் கவசத்துக்குள் மூச்சுத் திணறியது. "கழட்டணுங்களா?" என்று மணியம்மாள் கேட்டாள். மஹீன் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, சிம்மாசனத்தின் கைப்பிடியில் விரித்து வைத்தார்.

"நீங்க எழுதினதுக்கு மேல ஒண்ணும் செய்யல சார். கம்மியாவும் செய்யல."

அப்போது எழிலரசி அம்மாள் உள்ளே வந்தார். மஹீன் யார் என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவரைத் தனியே படுதாக்களுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். தான் விண்ணப்பம் போட இருப்பதை மஹீனே அவரிடம் சொன்னார்.

"அந்தக் கடைசி சீன்ல, வழக்கமா எவ்ளோ நேரம் விடுவீங்க?"

"மூணு மூச்சுங்க."

அந்த அம்மாள் திரும்பித் திரைக் கயிற்றைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. பிறகு பழையபடி ஆயிற்று.

"உங்களுக்கு வேலை தெரியும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வேணும்னே ஒரு நாடகத்த இப்டி நிறுத்தின ஆள நம்பி அரங்கத்த எப்படிங்க குடுக்கறது? நாளைக்கு எங்க மேல கோவம் வந்தா?"

மஹீன் தரையைப் பார்த்தார். மணியம்மாளும் மாறனும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது.

"பதினெட்டு வருஷம் செஞ்சது ஒருத்தர் கண்லயும் படலம்மா. ஒரு நாள் செய்யாம விட்டதும் நீங்களே உள்ள வந்து பேர் சொல்லிக் கேக்கறீங்க. இது யாரு தப்புங்க?"

போகத் திரும்பிய அந்த அம்மாள், விண்ணப்பத்தை எதற்கும் கொடுத்துவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மஹீன் திரும்பி வந்து, காட்டையும் அரண்மனையையும் கோட்டையையும் சுருட்டி, கயிறு கட்டி, பெட்டியில் வைத்தார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்தார். வேறு சான்றிதழ் இல்லாததால், சிம்மாசனத்திலிருந்து திரும்ப எடுத்து வந்த அதே கடிதத்தை இணைத்தார்.

அந்த வேலை கோதண்டராமனின் அக்கா மகனுக்குக் கிடைத்தது. மன்றத்து லெட்டர்பேடில், 'கடந்த பத்தாண்டுகளாக எங்கள் அரங்க நிர்வாகி' என்று அவனுக்குச் சான்றிதழ் எழுதப்பட்டிருந்தது. கீழே மாமனின் கையெழுத்து இருந்தது. பொய் எழுதமாட்டேன் என்றவர் எழுதியது. அவன் மேடைக் கயிற்றைத் தொட்டவனில்லை. நியமன உத்தரவில் எழிலரசி அம்மாள் கையெழுத்துப் போட்டார். நான்கு வருஷம் கழித்து அறக்கட்டளையை விட்டு விலகி மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அக்கா மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். கோதண்டராமன் அதற்கப்புறம் இரண்டு நாடகம் போட்டார், இரண்டும் எடுபடவில்லை. 2003இல் காலமானார். தேரடித் தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் எல்லாப் பட்டங்களும் இருந்தன. மஹீனும் மணியம்மாளும் மாறனும் சாவுக்குப் போனார்கள். பாடைக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தது மஹீன்தான். மாறன் செய்யாற்றில் சொந்தமாக ஒலி ஒளி வாடகைக் கடை வைத்திருக்கிறார். மணியம்மாள் முட்டிவலியால் இஸ்திரி வண்டியை மருமகளிடம் விட்டுவிட்டாள். மஹீன் போளூர் ரோட்டில் கதவு செய்கிறார். நாடகம் பார்க்கப் போவதில்லை.